அடியில் ஒட்டியவை

இவ்வாரத் தியானப் பகுதி: எபிரெயர் 12:1, சங்கீதம் 139:23, 24, மத்தேயு 5:23, 24



மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும் நிறைவடைந்து, ஜூன் 15-ஆம் தேதி முதல் நம் விசைப்படகுகள் மறுபடியும் கடலுக்குச் செல்கின்றன. கடலுக்குச் சென்றிருக்கும் சகோதரர்களையும், கரையில் அவர்களுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களையும் உங்கள் ஜெபங்களில் தாங்குங்கள்.

இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது, அந்தத் தடைக்காலத்தில் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் நான் கண்ட ஒரு காட்சி. அதில் என் தவறு ஒன்றும் அடங்கியிருக்கிறது. சம்பந்தப்பட்ட இருவரிடமும் அனுமதி பெற்ற பின்னரே இதை எழுதுகிறேன். அவர்கள் யாரென்று தேட வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

நம் சபையில் விசைப்படகு வைத்திருக்கும் மூத்த சகோதரர் ஒருவர் லெந்து நாட்களில் ஒரு மாலை என் வீட்டிற்கு வந்தார். அவருடைய முகம் வாடியிருந்தது. "ஐயா, என் படகில் திருட்டு நடக்கிறது" என்றார். முன்பெல்லாம் ஒருமுறை கடலுக்குச் சென்று வருவதற்கு ஏறத்தாழ 300 லிட்டர் டீசல் போதுமானதாயிருந்தது. சில வாரங்களாக அதே தூரத்திற்கு 360 லிட்டருக்கு மேல் ஆகிறது என்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். என்ஜினைப் பழுதுபார்ப்பவரை அழைத்துப் பார்த்தாயிற்று, அதில் குறையில்லை. அப்படியானால் மிகுதி டீசல் எங்கே போகிறது? படகை ஓட்டுபவர் கடலிலேயே அதை விற்றுவிடுகிறார் என்பது அவருடைய முடிவு. அந்த ஓட்டுநரும் நம் சபையைச் சேர்ந்தவர். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அதே படகில் உழைத்தவர்.

நான் ஓட்டுநரை அழைத்துப் பேசினேன். அவர் சொன்ன ஒரே பதில் இதுதான்: "ஐயா, படகு அடி கனத்திருக்கிறது. கரையேற்றிச் சுரண்டச் சொல்லி அண்ணனிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன்." அதைக் கேட்டபோது எனக்கு அது சாக்குப்போக்காகவே தோன்றியது. வேதாகமக் கல்லூரியில் கிரேக்கமும் எபிரெயமும் பயின்ற நான், படகின் அடிப்புறத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவன். எனினும் அறிந்தவனைப்போல் அவருக்குப் புத்தி சொன்னேன். தவறு நடந்திருந்தால் ஒப்புக்கொள்ளும்படியும், கர்த்தர் மன்னிக்கிறவர் என்றும் சொன்னேன். அவர் என்னைச் சற்றுநேரம் பார்த்தார், எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் அவருக்கு வேலை போயிற்று. ஈஸ்டர் ஆராதனையில் அவருடைய குடும்பத்தார் அமரும் இடம் வெறுமையாயிருந்தது. நற்கருணைப் பாத்திரத்தை ஏந்தி நின்றபோது அந்த வெற்றிடத்தை நான் கண்டேன். கண்டும் ஆராதனையைத் தொடர்ந்தேன்.

ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கியது. நம் கரையோரத்தில் அது மீன்களுக்கு ஓய்வும் படகுகளுக்கு மராமத்தும் ஆன காலம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் படகும் கரையேற்றப்பட்டது. முந்தைய ஆண்டு மகளின் திருமணச் செலவினால் சகோதரர் படகைக் கரையேற்றவுமில்லை, அடியில் பெயிண்ட் பூசவுமில்லை. போதாததற்கு, பிப்ரவரியில் ஒரு பழுதின் நிமித்தம் படகு பல வாரங்கள் உப்பனாற்றில் அசையாமல் நின்றிருந்தது. இப்போது அது முழுவதுமாகத் தண்ணீரைவிட்டு வெளியே வந்தபோது அவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னது இரண்டே வார்த்தைகள்: "வாருங்கள், ஐயா."

சென்று பார்த்தேன். தண்ணீருக்கு மேலே இருந்த பகுதி வர்ணத்தோடும், முகப்பில் எழுதியிருந்த வசனத்தோடும் அழகாயிருந்தது. கீழ்ப்பகுதியிலோ மரம் கண்ணுக்குத் தெரியவில்லை. பச்சைப் பாசி தாடிபோல் தொங்கியது. அதன் நடுவே விரல்நுனி அளவுள்ள வெண்ணிறக் கூம்புகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஆயிரக்கணக்கில் இறுகியிருந்தன. பச்சை மட்டிகள் கொத்துக்கொத்தாய்ப் பற்றியிருந்தன. விசிறியின் இறக்கைகளிலும் அதே கூம்புகள். ஒரு வாலிபர் இரும்புச் சுரண்டியால் கீறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கீறலுக்கும் கல் உடைவதுபோன்ற ஓசை எழுந்தது. சகோதரர் தரையில் குவிந்த ஓடுகளைக் காலால் தள்ளியபடி, "டீசல் திருடன் இவன்தான், ஐயா" என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. என் நிலையும் அதுவே.

பிரியமானவர்களே, கொட்டலசு எனப்படும் அந்த வெண்கூம்பைக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உள்நாட்டிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாலத்தின் தூண்களிலும் படகுத்துறைப் படிகளிலும் வெள்ளையாய் ஒட்டிக்கொண்டு, வெறுங்காலைக் கீறிவிடுகிறதே, அதுதான். பார்வைக்குச் சிப்பியின் உறவுபோலிருந்தாலும், அது இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இந்தச் சிற்றுயிரை மட்டும் ஆராய்ந்தார் என்றால், அதில் எவ்வளவு நுட்பம் இருக்க வேண்டும்!

அந்த நுட்பத்தை எனக்கு விளக்கியவர் நம் சபையின் மகள் ஒருவர். அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் உயிரியல் பயில்கிறார். கடந்த மாதம் சிதம்பரத்தில் மருத்துவமனையில் இருந்த ஒரு தாயாரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். திரும்பும் வழியில், வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் உள்ள கடல் உயிரியல் உயராய்வு மையத்திற்கு அவர் என்னை அழைத்துச் சென்றார். பேராசிரியர் ஆர். வி. சேஷையா அவர்களைத் தொடக்க இயக்குநராகக் கொண்டு 1961-இல் உருவான மையம் அது. நம் வீட்டு வாசலில் இப்படியொரு கல்விக்கூடம் இருந்தும், நம்மில் எத்தனைபேர் அதன் வாசற்படியை மிதித்திருக்கிறோம்?

அவர் எனக்குச் சில சிறிய தகடுகளைக் காட்டினார். அவற்றைக் கயிற்றில் கட்டி முகத்துவாரத்து நீரில் தொங்கவிட்டு, எந்த நாளில் எது ஒட்டுகிறது என்று பார்ப்பார்களாம். ஒரு வாரம் கிடந்த தகடு வெறுந்தகடுபோலவே இருந்தது. விரலால் தடவினால்மட்டும் வழுவழுப்பு. "இங்கேதான் எல்லாம் தொடங்குகிறது, ஐயா" என்றார் அவர். எந்தப் பொருளைக் கடலில் இட்டாலும் சில மணி நேரத்திற்குள் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அதன்மேல் படிந்துவிடுகின்றன. அவை ஒரு பசைப்படலத்தை உண்டாக்குகின்றன. பிறகு நுண்பாசிகள் வருகின்றன. இவ்வாறு பதப்படுத்தப்பட்ட இடத்திற்குக் கொட்டலசின் இளவுயிரி வந்து சேருகிறது. அந்தப் பருவத்தில் அது உண்பதில்லை. தங்குமிடம் தேடுவதே அதன் ஒரே வேலை. தன் உணர்கொம்புகளால் பரப்பின்மேல் நடந்து நடந்து சோதிக்கிறது. தன் இனத்தார் ஏற்கெனவே குடியிருந்தால் அவ்விடத்தையே விரும்புகிறது. இடம் பிடித்துவிட்டால் தலைகீழாக நின்று, தண்ணீருக்குள்ளேயே இறுகும் ஒரு பசையைச் சுரந்து, தன்னை ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்பு மதில் கட்டிக்கொள்கிறது. அதன்பின் சாகுமட்டும் அது இடம் மாறுவதில்லை.

ஒரு மாதம் கிடந்த தகட்டை அடுத்ததாகக் காட்டினார். அதை விரலால் தடவ முடியவில்லை, உளிதான் வேண்டும்.

இரண்டு தகடுகளுக்கும் இடையே சில வாரங்களே வேறுபாடு. முதல் தகட்டை ஒரு துணியால் துடைத்திருக்கலாம். இதை நீங்கள் உங்கள் இருதயத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

அவர் சொன்ன இன்னொரு காரியமும் என் உள்ளத்தைத் தொட்டது. விரைந்து ஓடும் கப்பலின்மேல் இவை எளிதில் ஒட்டுவதில்லை. கப்பல் நிற்கும்போதுதான், துறைமுகத்தில் முறைக்காகக் காத்திருக்கும்போதுதான், பெரும்பாலும் வந்து ஒட்டுகின்றன. ஒட்டிய பின் கப்பல் எவ்வளவு விரைந்தாலும் கூடவே பயணம் செய்கின்றன.

இது நம் படகுகளின் தொல்லைமட்டுமல்ல. உலக வணிகச் சரக்குகளில் அளவின்படி 80 விழுக்காட்டிற்கு மேல் கடல்வழியே செல்கின்றன. மனிதர் வெளியேற்றும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 3 விழுக்காடு கப்பல்களின் புகையிலிருந்து வருகிறது. மெதுவாகச் செல்லும் பெரிய சரக்குக் கப்பலை முன்னேறவிடாமல் தடுப்பது பெரும்பாலும் அதன் அடிப்பரப்பின்மேல் உரசும் தண்ணீரே. அந்தப் பரப்பு வழவழப்பாக இருக்கும்வரை தண்ணீர் வழுவிப் போகிறது. சொரசொரப்பானால் பிடித்து இழுக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் குளோஃபௌலிங் திட்டம் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள வழுவழுப்புப் படலம் அடிப்பரப்பில் பாதி வரை படர்ந்தாலே, கப்பலின் தன்மையையும் வேகத்தையும் பொறுத்து, வாயு வெளியேற்றம் 25 முதல் 30 விழுக்காடு வரை கூடக்கூடும். நடுத்தர அளவுள்ள சரக்குப்பெட்டிக் கப்பலில் சிறு கொட்டலசுகள் இலேசாகப் படர்ந்தால் 55 விழுக்காடு வரையிலும் உயரக்கூடும். ஆகவேதான் அந்த அமைப்பு இதற்கென்று 2011-இல் வழிகாட்டு நெறிகளை வகுத்து, 2023-இல் அவற்றைத் திருத்தி அமைத்தது.

நம் சகோதரருடைய கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஒரு பயணத்தில் 60 லிட்டர் மிகுதியாக எரிந்ததென்றால், 160 கிலோ வாயு வீணாக வானத்தில் கலந்தது. ஒரு மீனும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. ஒரு கல் தொலைவும் கூடுதலாகச் செல்லவில்லை. பணம் போயிற்று, காற்று கெட்டது, ஒரு மனிதருடைய நற்பெயரும் கெட்டது. இத்தனைக்கும் காரணம், யாரும் குனிந்து பார்க்காத ஓர் இடம்.

நாம் கடலூர்க்காரர்கள். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையை மறக்கவில்லை. 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்த தானே புயலையும், வேரோடு சாய்ந்த பலா, முந்திரி மரங்களையும் மறக்கவில்லை. நம் ஜெபங்களிலும் பெரிய அலைக்கும் பெரிய காற்றுக்கும் விலக்கிக் காக்கும்படியே கேட்கிறோம். அது தகுந்ததே. ஆனால் அரை மில்லிமீட்டருக்காக ஜெபித்தவர் நம்மில் யார்? கடல் வெப்பமடைந்துவரும் இந்நாட்களில், உலகக் கப்பல்களின் அடியில் படரும் இந்த மெல்லிய படலமும் அந்த வெப்பத்திற்கு எண்ணெய் ஊற்றுகிறது. அதன் விளைவை முதலில் சந்திப்பவர்கள் நம்மைப்போன்ற கரையோர மக்கள்.

இதற்கு மனிதர் கண்ட பரிகாரங்களின் கதையிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. நோவா தன் பேழையை உள்ளும் புறமும் கீல் பூசிக் காத்தான் என்று ஆதியாகமம் 6:14-இல் வாசிக்கிறோம். நம் முன்னோரின் மரக்கலங்களுக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் பூசினார்கள். பண்ணுருட்டி வட்டாரத்தில் மிகுதியாய் விளையும் முந்திரியின் கொட்டையோட்டு எண்ணெயும் படகு மரத்தைக் காக்கப் பயன்பட்டது. 1760-களின் தொடக்கத்தில் ஆங்கிலக் கடற்படை அலாரம் என்னும் கப்பலின் அடிப்புறம் முழுவதையும் செப்புத் தகட்டால் போர்த்திச் சோதித்தது. 1783 ஜூன் 20-இல் நம் கடலூருக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் பீரங்கிகளோடு மோதிய காலத்தில், கப்பலின் அடி தூய்மையாயிருப்பது வெற்றிக்கும் தோல்விக்கும் உரிய காரியமாகவே கருதப்பட்டது. செப்பு கொட்டலசைத் தடுத்தது. ஆனால் கடல்நீரில் செப்போடு சேர்ந்த இரும்பாணிகள் அரித்துப் போயின. ஒன்றைக் காக்கப்போய் மற்றொன்றை இழந்தார்கள்.

நம் காலத்தில் அதைவிடப் பெரிய தவறு நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ட்ரைபியூட்டைல்டின் என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயிண்ட் உலகெங்கும் பரவியது. கப்பலின் அடி பல ஆண்டுகள் தூய்மையாயிருந்தது. கப்பல் முதலாளிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த நஞ்சு தண்ணீரில் கசிந்தது. பிரான்சு தேசத்தின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடுகள் உருக்குலைந்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை. சில கடல் நத்தைகளில் பெண்ணுயிர்கள் ஆண் உறுப்பு வளர்ந்து மலடாயின. 1982-இல் பிரான்சு சிறு கலங்களுக்கு அதைத் தடைசெய்தது. 2001-இல் சர்வதேச உடன்படிக்கை உருவாகி, 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இன்று செப்பு கலந்த பெயிண்டுகள் பெரும்பாலும் பயன்பட்டாலும், நஞ்சின்றி, ஒட்டியவை கப்பல் ஓடும்போதே வழுக்கி விழும்படி செய்யும் சிலிக்கோன் பூச்சுகளும் வந்துள்ளன. நஞ்சில்லாத பரிகாரத்தைக் கடற்பாசியிலும் கடற்பஞ்சிலும் தேடும் ஆய்வுகள் பரங்கிப்பேட்டையிலும் நடந்திருக்கின்றன.

சுரண்டி எடுத்ததை எங்கே போடுகிறோம் என்பதும் சிறு காரியமல்ல. கப்பலின் அடியிலும், அது நிலைப்பாட்டிற்காகச் சுமக்கும் நீரிலும் ஒரு கடலின் உயிர்கள் மறு கடலுக்குப் பயணம் செய்கின்றன. வடக்கே எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் உள்ள நம் மீனவச் சகோதரரிடம் காக்கா ஆழியைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் கரைகளுக்குரிய அந்தக் கருநிற மட்டி, கப்பல்களின் வழியே வந்ததாகக் கருதப்படுகிறது. அது கழிமுகத்தின் அடித்தரையைக் கம்பளம்போல் மூடிவிட்டது. இறாலுக்கும் மஞ்சள் ஆழிக்கும் இடமில்லாமற்போயிற்று என்று அவர்கள் முறையிடுகிறார்கள். ஒருவர் உதறியது மற்றொருவரின் பிழைப்பில் போய் விழுந்தது.

இனி வேதத்திற்குத் திரும்புவோம். எபிரெயருக்கு எழுதிய ஆசிரியர் பன்னிரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் நம்மை ஓட்டக்காரராகக் காண்கிறார். இரண்டு காரியங்களைக் கழற்றிப்போடச் சொல்கிறார்: ஒன்று பாரம், மற்றொன்று பாவம். அவர் இரண்டையும் தனித்தனியே சொல்வதைக் கவனியுங்கள். பாவம் என்று பெயரிட முடியாத சுமைகளும் ஓட்டத்தைத் தளர்த்தும். மேலும், பாவத்திற்கு அவர் தரும் அடைமொழி புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராத ஒரு கிரேக்கச் சொல். எளிதில் வந்து சுற்றிப் பற்றிக்கொள்வது என்பதே அதற்குப் பெரும்பாலோர் கொள்ளும் பொருள். புயலைப்போல் அடித்து வீழ்த்துவதை அவர் இங்கே சொல்லவில்லை. அருகில் வந்து ஒட்டிக்கொள்வதைச் சொல்கிறார். கடலூர்த் துறைமுகத்தில் அந்தப் படகின் அடியில் நின்றபோதுதான் எனக்கு அந்தச் சொல் விளங்கியது. கல்லூரியில் அதற்கு மதிப்பெண் பெற்றிருந்தேன், பொருளை அறிந்திருக்கவில்லை.

என்னிடத்தில் ஒட்டியிருந்தது எது என்று நீங்கள் கேட்கலாம். முப்பது ஆண்டு ஊழியத்தில் மெல்ல மெல்லப் படிந்த ஒரு படலம். கணக்குப் புத்தகத்தோடு வருகிறவரை நம்புவதும், வெறுங்கையோடு வருகிறவரைச் சந்தேகிப்பதும். அது ஒரே நாளில் வந்ததல்ல. படகு உரிமையாளர் சபைக்குத் தாராளமாகக் கொடுப்பவர். அவருடைய பேச்சுக்கு என் காது சற்று அதிகமாகவே திறந்திருந்தது. ஒருவரும் காணாத அளவுக்கு மெல்லிய படலம். ஆனால் அதன் விலையைச் செலுத்தியது நானல்ல, ஓர் ஏழைக் குடும்பம். அந்த ஓட்டுநர் உண்மையையே சொன்னார். அதுவும் மூன்று முறை சொன்னார். அடி கனத்திருந்தது படகுக்குமட்டுமல்ல.

அன்று மாலையே நாங்கள் இருவரும் அவருடைய வீட்டிற்குச் சென்றோம். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் கற்பித்ததை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தத் தெருவில் நடப்பது அவ்வளவு எளிதாயிருக்கவில்லை. சகோதரர், "தம்பி, உன்மேல் பழி சுமத்திவிட்டேன், மன்னித்துக்கொள்" என்று சொல்லி, மேற்கொண்டு பேச இயலாமல் நின்றார். நானும் மன்னிப்புக் கேட்டேன். ஓட்டுநர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா, "பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் திருடன் மகன் என்று கூப்பிட்டார்கள், ஐயா" என்றார். அதற்கு என்னிடத்தில் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. தேநீர் வந்தது, குடித்துவிட்டுத் திரும்பினோம். கொட்டலசைச் சுரண்டி எடுத்தாலும் அது ஒட்டியிருந்த இடத்தில் வெண்மையான வட்டத் தடம் நிற்கும். அதையும் தேய்த்து நீக்கினால்தான் புதுப் பெயிண்ட் பிடிக்கும்.

இரண்டு வாரங்களுக்குப் பின் அவர் தானாகவே துறைமுகத்திற்கு வந்து சுரண்டியைக் கையில் எடுத்தார். அந்தத் தடங்களைத் தேய்த்து நீக்கியவர் அவரே. சுரண்டிய கழிவைத் தண்ணீரில் தள்ளாமல் சாக்கில் அள்ளிக் கரையில் அப்புறப்படுத்தச் சொன்னவரும் அவரே. ஜூன் 15 அதிகாலையில் படகை ஓட்டிச் சென்றவரும் அவரே. டீசல் கணக்கு மறுபடியும் பழைய அளவையொட்டியே இருக்கிறதென்று சகோதரர் சொன்னார். நான் அதைக் கேட்கவில்லை. அவராகவே சபையார் சிலருக்கு முன்பாகச் சத்தமாகச் சொன்னார். எதற்காகச் சத்தமாகச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது.

பிரியமானவர்களே, மூன்று காரியங்களை இவ்வாரம் சிந்தித்துப் பாருங்கள்.

முதலாவது, படலமாக இருக்கும்போதே துடையுங்கள். நம் தாத்தாக்களின் கட்டுமரத்தில் கொட்டலசு குடியேறியதில்லை. ஏன் தெரியுமா? கரைக்கு வந்ததும் அதை மணலில் இழுத்துப் போட்டு, கட்டவிழ்த்து, வெயிலில் உலர்த்தினார்கள். நாள்தோறும் கரையேறிய மரத்திற்கு உளி தேவைப்படவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை புத்தாண்டு ஆராதனையில் தன்னைச் சோதிப்பவனுக்கு உளி வேண்டும். ஒவ்வொரு இரவும் தேவனுடைய சமுகத்தில் கரையேறுகிறவனுக்கு ஒரு துணி போதும்.

இரண்டாவது, உங்கள் அடிப்புறத்தை நீங்களே காண முடியாது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். தன்னை ஆராய்ந்து பார்க்கும்படி சங்கீதக்காரன் தேவனிடத்தில் கேட்டது அதனால்தான். தேவன் பல வேளைகளில் அந்தப் பதிலை, நம்மோடு தினமும் பயணம் செய்கிறவர்களின் வாயில் வைக்கிறார். மனைவியோ, பிள்ளையோ, வேலைக்காரரோ "கனத்திருக்கிறது" என்று சொன்னால், மூன்றாம் முறைவரை காத்திராதேயுங்கள்.

மூன்றாவது, உங்களைத் தூய்மையாக்கும் வழி அயலானுடைய தண்ணீரைக் கெடுக்காதிருக்கட்டும். தன் குற்றத்தை மறைக்கப் பிறர்மேல் பழிபோட்டுத் தூய்மையாகிறவன் நஞ்சுப் பெயிண்ட் பூசிக்கொள்கிறான். தேவன் மனிதனை ஏதேனில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும்தான். கடலும் அவருடையதே. படகு வைத்திருப்பவர்கள் அடுத்த தடைக்காலத்தில் அடி பார்க்கும் செலவைத் தள்ளிப்போடாதிருங்கள். சுரண்டிய கழிவை நீரில் தள்ளாதிருங்கள். பணமில்லாமல் தள்ளிப்போடும் நிலை வந்தால், வெட்கப்படாமல் சபைக்கு அறிவியுங்கள். ஒரு படகைக் கரையேற்றும் செலவு, ஒரு குடும்பத்தை இழப்பதைவிடக் குறைவு என்று நாம் கற்றுக்கொண்டோம்.

ஜெபிப்போம்.

பரலோகப் பிதாவே, பெருங்காற்றிலிருந்து எங்களைக் காத்தவரே, எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் எங்கள்மேல் படிகிறவற்றிலிருந்தும் எங்களைக் காத்தருளும். நாங்கள் நின்றுவிட்ட இடங்களில் ஒட்டியவற்றை எங்களுக்குக் காண்பியும். உண்மை சொன்னவரை நம்பாமற்போன எங்கள் பாவத்தை மன்னியும். கடலில் இருக்கும் எங்கள் சகோதரர்களுக்கு நல்ல காற்றையும் நல்ல பாடுகளையும் தந்து, உமது கடலை உமக்குப் பிரியமாய்க் காக்கும் உள்ளத்தை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபைப் போதகர்